காட்டில் களையெடுப்பு: கோத்தா திங்கி தன்னார்வலர்கள் தெரிந்திருக்க வேண்டியவை

கோத்தா திங்கி – கோயில் வளாகமோ பள்ளித் திடலோ, கோத்தோங் ரோயோங் என்று சொன்னால் பாராங் கத்தியோடும் மண்வெட்டியோடும் வந்து நிற்க இங்கு ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அதே கைகள் காட்டுக்குள் புகுந்துவிட்ட அந்நியச் செடிகளை அகற்ற முன்வரும்போது ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். தோட்டத்தில் ஒரே பயிரைக் காப்பாற்ற மற்ற எல்லாம் வெட்டப்படுகின்றன. காட்டிலோ நூறு வகைச் செடிகளைக் காப்பாற்ற ஒன்றிரண்டை மட்டும் தேடி எடுக்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் செய்யப்படும் நல்ல காரியம் காட்டுக்குக் கெடுதலாகவே முடியலாம்.

பந்தி மலைக் காடும் நீர்வீழ்ச்சி விழும் முந்தஹாக் மலைச்சரிவும் இம்மாவட்டத்தின் சொத்து. இவற்றைச் சூழ்ந்து செம்பனை, ரப்பர் தோட்டங்களும் பெல்டா குடியேற்றத் திட்டங்களும் உள்ளன. இவ்வட்டாரத்தின் வழியே ஓடும் ஜொகூர் ஆறு மாநில மக்களுக்கு மட்டுமல்லாமல், 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூருக்கும் ஒரு நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரை தண்ணீர் தருகிறது. காடு நலமாக இருப்பது ஆற்றுக்கும் வீட்டுக் குழாய்க்கும் தேவையான ஒன்று.

அந்நியச் செடி என்பது எது?

வெளிநாட்டிலிருந்து வந்த எல்லாச் செடியும் கெட்டதல்ல. ரப்பர் பிரேசிலில் இருந்தும் செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்தும் வந்தவைதாம். மனிதர் நடாமலேயே தானாகப் பரவி, உள்ளூர்ச் செடிகளின் வெளிச்சத்தையும் இடத்தையும் பறித்துக்கொள்வதே ஊடுருவும் அந்நியச் செடி. பிறந்த மண்ணில் அதைத் தின்னும் பூச்சியும் தாக்கும் நோயும் இருந்தன. இங்கே அவை இல்லாததால் அதற்குக் கட்டுப்பாடும் இல்லை.

தீபகற்ப மலேசியாவில் பரவலாகக் காணப்படும் சிலவற்றைத் தோட்டத்து மக்கள் ஏற்கெனவே அறிவார்கள்.

*செண்டுடோக் பூலு:* வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது. தண்டும் இலையும் மயிர் அடர்ந்திருக்கும், பூ சிறியது, வெள்ளை, பழம் கருநீலம். ஒரு பழத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும். உள்ளூர்ச் செண்டுடோக் வேறு. அதன் பூ பெரியது, ஊதா நிறம்; பழத்தைத் தின்ற பிள்ளைகளின் நாக்கு கறுத்துவிடும். அது இந்த மண்ணுக்கே உரியது. தன்னார்வலர்கள் அவசரத்தில் மாற்றிப் பிடுங்கிவிடக்கூடிய செடிகளில் இதுவும் ஒன்று.

*செலாபுட் துங்குல்:* மரத்தின் மீது ஏறிப் போர்வை போல மூடும் கொடி. 1949ஆம் ஆண்டு பராகுவே நாட்டிலிருந்து இந்தோனேசியாவின் போகோர் தாவரப் பூங்காவிற்கு மூலிகையாகக் கொண்டுவரப்பட்டது. பின்னர் அங்கே ரப்பர் தோட்டங்களில் நிலத்தை மூடவும் பயன்பட்டது.

*உண்ணிச்செடி:* மலாயில் பூங்கா தாஹி ஆயாம். அழகுக்காக வீட்டு வாசலில் வளர்க்கப்பட்டு, பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பியதால் வெளியேறியது.

*செமாலு காஜா:* தொட்டாற்சுருங்கியின் பெரிய உருவம்; ஆளுயரத்திற்கும் மேல் வளரும் முட்புதர். ஆற்றோரங்களிலும் ஈர நிலங்களிலும் அடர்ந்துவிடும். ஆற்று மணலை லாரியில் ஏற்றும்போது விதையும் சேர்ந்தே ஊர் விட்டு ஊர் போகிறது.

*மஞ்சள் பூத் தரைக்கொடி:* சாலையோரங்களில் அழகுக்கு நடப்படுவது. மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு நெருங்கிய உறவு என்பதால் பார்வைக்கு அது போலவே இருக்கும். மூலிகை என்று நினைத்து இதைப் பறித்து வந்து நட்டுவைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

*அக்காசியா மங்கியம்:* ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து, நியூ கினி பகுதிகளைச் சேர்ந்த மரம். 1966ஆம் ஆண்டு சபாவுக்கு வந்தது. 1980களில் தீபகற்பத்தில் வெட்டுமரத் தேவைக்காகப் பெருமளவில் நடப்பட்டபோது, கோத்தா திங்கி மாவட்டத்து ஊலு செடிலியும் அந்த இடங்களுள் ஒன்று. நெருப்பு பட்ட மண்ணில் இதன் விதைகள் கூட்டமாக முளைக்கும்.

செண்டுடோக் பூலு, செலாபுட் துங்குல், உண்ணிச்செடி, செமாலு காஜா, மஞ்சள் பூத் தரைக்கொடி ஆகிய ஐந்தும், உலகின் மிக மோசமான நூறு அந்நிய உயிரினங்கள் என்று அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தொகுத்த பட்டியலில் இடம்பெற்றவை.

தோட்டத்துக்கும் காட்டுக்கும் உள்ள தொடர்பு

காட்டுக்குள் மனிதர் மரம் வெட்டாவிட்டாலும் செடி புகுந்துவிடும் என்பதை நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காப்புக் காடு காட்டுகிறது. இது பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு மரமும் எண்ணப்பட்டு ஆராயப்படும் காடு, சுற்றிலும் செம்பனை. வெட்டப்படாத அந்தக் காட்டின் உள்ளேயே செண்டுடோக் பூலு பரவியிருப்பதை 2001ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. மரம் விழுந்து வெளிச்சம் பட்ட இடங்களும் காட்டுப்பன்றி கிளறிய மண்ணும் அதற்கு வசதியாக அமைந்தன.

பன்றி எங்கிருந்து அவ்வளவு பெருகியது? இரவில் தோட்டத்திற்கு வந்து செம்பனைப் பழத்தைத் தின்று, பகலில் காட்டுக்குத் திரும்புகிறது. குட்டி போடும் சமயத்தில் தாய்ப்பன்றி இளங்கன்றுகளை ஒடித்து மெத்தை அமைக்கிறது. 24 ஆண்டுக் கணக்கை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று, பாசோவில் இளமரக் கன்றுகளின் அடர்த்தி 62 விழுக்காடு குறைந்துவிட்டதாகக் கூறியது. பெரிய மரங்கள் அப்படியே நிற்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் காடு பச்சையாகத்தான் தெரியும். அடுத்த தலைமுறை மரமாக வேண்டிய கன்றுகள்தாம் கீழே இல்லை. அந்த வெற்றிடத்தில் அந்நியச் செடி வேர் பிடித்தால் காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்வது இன்னும் கடினமாகிறது.

கோத்தா திங்கியிலும் காட்டை ஒட்டித் தோட்டங்கள் இருக்கின்றன. எனவே காட்டைக் காக்கும் வேலை காட்டு எல்லைக்கு வெளியே, தோட்டத்திலேயே தொடங்கலாம். உதிரிப் பழங்களை விடாமல் பொறுக்குவது அதில் ஒன்று. நிலத்தை மூடுவதற்காக 1991ஆம் ஆண்டு கேரளாவிலிருந்து மலேசியத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட முக்குனா கொடி எல்லை தாண்டி மரங்களில் ஏறாமல் வெட்டிவிடுவது இன்னொன்று.

பிடுங்கும் முறை

முதலில் வெட்டக் கூடாதவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளூர்க் கன்றுகளை அறிந்த ஒருவர் முன்னே சென்று அவற்றுக்கு நாடா கட்டிய பிறகே மற்றவர்கள் கை வைப்பது நல்லது.

செண்டுடோக் பூலுவை மழை பெய்த மறுநாள் பிடுங்கினால் வேரோடு வரும். தண்டை மட்டும் வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். பழம் இருந்தால் முதலில் அதைப் பையில் போட்டுக் கட்ட வேண்டும். சப்பாத்து மண்ணோடும் விதை பயணம் செய்யும். மண்ணில் கிடக்கும் விதை நான்கு ஆண்டுகள் வரை உயிரோடு இருக்கக்கூடும் என்பதால் ஒரு நாள் வேலையோடு இது முடியாது.

செலாபுட் துங்குல் கொடியைப் பாராங்கால் துண்டு துண்டாக வெட்டுவது, அதை நடுவதற்குச் சமம். ஒவ்வொரு கணுவும் வேர் விடும். அடியில் அறுத்து, வேரைக் கிளப்பி, தரையில் கிடப்பதைச் சுருட்டி மண் படாமல் காய விட வேண்டும். கன்றின் உச்சியில் பின்னியிருப்பதை இழுத்தால் கன்றே ஒடிந்துவிடும். அடி அறுபட்டால் மேலே உள்ளது தானாகக் காய்ந்து உதிரும்.

உண்ணிச்செடிக்கு, டெல்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தியாவின் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டிய முறை எளிதானது. மண்ணுக்குச் சில சென்டிமீட்டர் கீழே முக்கிய வேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது. மண் அதிகம் கிளறப்படுவதில்லை, மருந்தும் தேவையில்லை.

தோட்டத்தில் பழகிய மருந்தடிப்பு காட்டுக்குப் பொருந்தாது. அது வேண்டிய கன்றையும் கருக்கும், ஓடை நீரிலும் கலக்கும். பிடுங்கியதைக் கொளுத்துவதும் கூடாது.

எங்கே தொடங்குவது?

செடி மிக அடர்ந்த இடத்தில் தொடங்கவே எல்லோருக்கும் ஆசை வரும். 1960களில் சிட்னி நகரத்துக் காடுகளில் களையெடுத்த ஜோன், ஐலின் பிராட்லி சகோதரிகள் இதற்கு மாறாகச் செய்தார்கள். காடு நன்றாக உள்ள பக்கத்தில் தொடங்கி, கெட்ட பக்கம் நோக்கிச் சிறிது சிறிதாக நகர்ந்தார்கள். உள்ளூர்ச் செடி முளைத்து இடத்தை நிரப்பும் வேகத்திற்கு மேல் அவர்கள் களையெடுக்கவில்லை. காலியாக விட்ட மண்ணில் மறுபடியும் களைதான் முளைக்கும் என்பதே அவர்கள் கண்ட பாடம்.

இதையே வேறு விதத்தில் சிங்கப்பூரும் கண்டது. அங்கே மிஞ்சியுள்ள மழைக்காட்டுத் துண்டுகளை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, நிழல் மூடிய காட்டுக்குள் நுழைய முடிந்த அந்நியச் செடி ஏறக்குறைய செண்டுடோக் பூலு மட்டுமே. மற்றவை வெளிச்சம் உள்ள ஓரங்களோடு நின்றுவிட்டன. 2019ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட அந்நாட்டின் காடு மீட்புத் திட்டத்தில் களை அகற்றுவதும் உள்ளூர் மரம் நடுவதும் ஒன்றாகவே சேர்க்கப்பட்டுள்ளன. பத்தாண்டுகளில் 250,000 மரங்களையும் புதர்களையும் நடுவது இலக்கு. பொதுமக்களும் அதில் கைகொடுக்கிறார்கள்.

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் சோலைக்காட்டை மீட்கப் பாடுபட்ட பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் தம்பதியர் கண்டது இன்னும் நுட்பமானது. அந்நிய மரமான சீகை மர நிழலிலேயே சோலைக் கன்றுகள் முளைத்து வருவதை அவர்கள் கவனித்தார்கள். அங்கே எல்லா மரத்தையும் ஒரேயடியாக வெட்டினால் கீழே வளரும் சோலையும் சேர்ந்து அழியும். தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு அந்நியத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது.

அனுமதியும் பாதுகாப்பும்

நிரந்தரக் காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் அங்குள்ள செடிகளை எடுப்பதும் 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின் கீழ் குற்றம். களைதானே என்பது பதிலாகாது. ஜொகூர் மாநில வன இலாகாவிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, அதன் அதிகாரியோடு செல்வதே முறை. அனுபவமில்லாத குழுக்கள் மலேசிய இயற்கைச் சங்கத்தின் ஜொகூர் கிளை போன்ற அமைப்புகளிடம் முதலில் ஆலோசனை கேட்கலாம்.

கோத்தா திங்கிக் காடுகளில் யானைகள் நடமாடுகின்றன. தனியாகப் போகக் கூடாது. யானைச் சாணம் புதிதாகக் கிடந்தால் அன்றைய வேலையை நிறுத்திவிட வேண்டும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் நீளச் சப்பாத்தும் கட்டாயம்.

2013ஆம் ஆண்டு மலேசியாவில் கண்டறியப்பட்ட பார்த்தீனியம், தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் உண்டாக்கும் செடி. தமிழ்நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது அறிமுகமானதே. கேரட் இலை போன்ற இலையும் சிறு வெள்ளைப் பூவும் கொண்ட இதைக் கண்டால் வெறுங்கையால் தொடாமல் விவசாய இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐம்பது பேர் திரண்டு படம் எடுத்துக்கொண்டு போவதைக் காட்டிலும், ஐந்து பேர் மூன்று மாதத்திற்கு ஒருமுறை அதே இடத்திற்குத் திரும்பி வருவது காட்டுக்கு அதிகம் பயன்படும். களையையும் கன்றையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியும் கண், தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் புல் வெட்டிய பெண்களிடமும் ஆண்களிடமும் இருக்கிறது. இளைஞர்கள் அவர்களையும் உடன் அழைத்துச் சென்றால், பிடுங்க வேண்டியதும் விட வேண்டியதும் இடம் மாறிப் போகாது.