ஒற்றை வெள்ளை விளக்கு

இரவு. உங்கள் கப்பலுக்கு நேர் முன்னே ஒரேயொரு வெள்ளை விளக்குத் தெரிகிறது. அது என்ன?

கப்பலில் மேற்றள அதிகாரியாக வர விரும்பும் எவரும் வாய்மொழிப் பரீட்சையில் எதிர்பார்த்துச் செல்லும் கேள்வி இது. பரீட்சகர் அதை என்னிடம் கேட்பதற்கு முன்பே, தலைமன்னாரில் என் பெரியப்பா வேறொரு விதமாகக் கேட்டுவிட்டார். அதற்கு வருமுன் இந்தப் பரீட்சை வந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை பிரித்தானிய வணிகக் கப்பலொன்றை நடத்துவதற்கு எந்தச் சான்றிதழும் தேவைப்படவில்லை. சொந்தக்காரருக்கு வேண்டியவன் என்பதே சிலருக்குப் போதுமான தகுதி. 1836ல் பாராளுமன்றக் குழு ஒன்று கப்பற் சேதங்களை ஆராய்ந்தது. அதில் முன்னின்றவர் ஜேம்ஸ் சில்க் பக்கிங்ஹாம். 1818ல் 'கல்கத்தா ஜேர்னல்' பத்திரிகையைத் தொடங்கி, கம்பனி ஆட்சியைக் கண்டித்து எழுதியமைக்காக 1823ல் இந்தியாவிலிருந்து வெளியேற்றப்பட்ட அதே மனிதர்தான். பத்திரிகைக்காரன் ஒருவன் கப்பலோட்டிகளின் தகுதியைக் கேள்வி கேட்டான் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. கப்பல்கள் அழியும் காரணங்களுள் தலைவர்களின் அறியாமையும் குடியும் அடங்கும் என்று குழு கண்டது. 1845ல் விரும்பியோர் தோற்றும் பரீட்சை வந்தது. 1850ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கிற்று. கணக்குகளை எழுதிக் காட்டலாம். ஆனால் கப்பலோட்டும் அறிவை மட்டும் பரீட்சகரின் முன்னிருந்து வாயால் சொல்ல வேண்டும்.

இலக்கிய அன்பர்கள் அறிந்த ஜோசப் கொன்ராட் இந்த நாற்காலியில் இருந்தவர். போலந்து மொழியும் பிரெஞ்சும் கற்ற பின்னர் மூன்றாவதாக வந்த ஆங்கிலத்தில் 1880ல் இரண்டாம் துணை அதிகாரிக்கும், 1884ல் முதல் துணை அதிகாரிக்கும், 1886ல் கப்பல் தலைவருக்குமான பரீட்சைகளில் தேறினார். ஒரு பரீட்சகர் அவரைக் கற்பனைக் கப்பலொன்றில் ஏற்றி, ஒன்றன்பின் ஒன்றாக ஆபத்துக்களை ஏவிவிட்ட கதையைத் தம் நினைவு நூலில் சுவையாக எழுதியிருக்கிறார். பின்னிரண்டு பரீட்சைகளிலும் முதல் முறை தவறியதை மட்டும் எழுதவில்லை. நானும் அந்த நாற்காலியில் இருந்தவன். அவரை மன்னித்துவிட்டேன்.

என் முறை வந்தது 1977ன் பிற்பகுதியில். அந்த ஆண்டு ஜூலை 15ல்தான் கடலில் மோதல் தவிர்க்கும் புதிய சர்வதேச விதிகள் நடைமுறைக்கு வந்தன. பயிலுநராக நான் மனனம் செய்தவை 1960ஆம் ஆண்டு விதிகள். பழையதை மறந்து புதியதைப் படிக்க வேண்டும். விடுமுறையில் ஊருக்கு வந்து, தலைமன்னார் இறங்குதுறையில் புத்தகமும் கையுமாக இருந்தேன்.

அந்த இறங்குதுறைக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914ல் கப்பற் சேவை தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர் அது இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. என் காலத்தில் வந்தது 'இராமானுஜம்'. அது பகலில் வந்தாலும் நான் மனத்தால் அதற்கு விளக்குகளை ஏற்றிப் பார்ப்பேன். வலப்புறம் பச்சை, இடப்புறம் சிவப்பு, ஒவ்வொன்றும் 112½ பாகை. இரண்டும் சேர்ந்த 225 பாகைக்கு மேலே கொடிமர வெள்ளை விளக்கு. மிகுதி 135 பாகைக்குப் பின்புறத்து வெள்ளை விளக்கு. வட்டம் நிறைந்துவிடும். கடற்பரப்பில் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஏதோ ஒரு விளக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

ஒரு மாலை பெரியப்பா பக்கத்தில் வந்து குந்தினார். சோழகமும் வாடையும் பார்த்தே பாய் விரித்தவர், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்.

"தம்பி, உந்தப் புத்தகத்தில எங்கட வள்ளத்துக்கும் இடமிருக்கோ?"

இருந்தது. ஏழு மீற்றருக்குக் குறைந்த பாய்வள்ளமும், தண்டு வலிக்கும் வள்ளமும் நிரந்தர விளக்கு வைத்திருக்க இயலாவிட்டால், கொளுத்திய லாம்பு ஒன்றைக் கையில் ஆயத்தமாக வைத்திருந்து, மோதலைத் தவிர்க்கப் போதிய நேரம் இருக்கும்போதே காட்ட வேண்டும். நான் தமிழில் சொன்னேன்.

"அதைத்தானே நாங்கள் செய்யிறம்" என்றார். "அரிக்கன் லாம்பு பலகைக்குக் கீழ இருக்கும். கப்பல் கிட்ட வரேக்க தூக்கிப் பிடிப்பம். கப்பலின்ர வெளிச்சம் எங்கட பாய்மரத்துக்கு நேர நிண்டு அசையாமல் பெருத்துதெண்டால் அது எங்களிலதான் வருகுது."

ஏழாம் விதி சொல்வதும் அதுவே. நெருங்கும் கப்பலின் திசைமானம் கணிசமாக மாறாவிட்டால் மோதல் ஆபத்து உண்டு. விதியை வகுத்தவர்கள் மன்னாருக்கு வந்ததில்லை. பெரியப்பா அந்தப் புத்தகத்தைப் படித்ததுமில்லை.

கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டுக் கேட்டார்:

"நாங்கள் தூக்கிப் பிடிப்பம். மேல நிக்கிறவன் பாப்பானோ?"

அவருடைய தம்பி, என் சித்தப்பா, கற்பிட்டிக்கு வெளியே கொழும்பு–தூத்துக்குடிப் பாதையில் காற்றில்லாத ஓர் இரவில் வள்ளத்தோடு காணாமற் போனவர். உடைந்த பலகை மாத்திரம் கரைக்கு வந்தது. எந்தக் கப்பல், கப்பல்தானா என்பது யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நான் கப்பலுக்குப் போகிறேன் என்றபோது பெரியப்பா வாழ்த்தவுமில்லை, தடுக்கவுமில்லை.

பரீட்சை இங்கிலாந்தின் துறைமுக நகரொன்றில். மேசையில் சிறிய மரக்கப்பல்கள். முக்கால் மணித்தியாலம் கழித்து அந்தக் கேள்வி வந்தது. நான் அடுக்கினேன். முன்னே செல்லும் கப்பலின் பின்புறத்து விளக்கு. நங்கூரமிட்டிருக்கும் சிறு கப்பல். பெரிய கப்பலொன்றின் கொடிமர விளக்கு: அதை ஆறு கடல்மைலில் காணலாம், பக்கவிளக்கு மூன்றில்தான் தெரியும். ஏழு மீற்றருக்குக் குறைந்த, மணிக்கு ஏழு கடல்மைலுக்கு மேல் ஓடாத இயந்திரப் படகு.

"இன்னும்?"

"வள்ளத்தில் ஒருவர் லாம்பைத் தூக்கிப் பிடிக்கிறார், ஐயா."

"எவ்வளவு தூரத்தில்?"

"அவர் தூக்கும்போதுதான் தெரியும். றேடாரில் மரவள்ளம் தெரியாமலும் போகலாம்."

"ஐந்தில் எதுவென்று எடுத்துக்கொள்வாய்?"

"கடைசியை."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஐயம் இருந்தால் ஆபத்து இருப்பதாகவே கொள்க என்ற விதியைச் சொல்ல ஆயத்தமாக இருந்தேன். அவர் மரக்கப்பல்களை ஒதுக்கிவிட்டு மூடுபனிக்குப் போய்விட்டார்.

தேறினேன். பெரியப்பாவுக்கு எழுதினேன். மறுமொழிக் கடிதத்தில் மீன் விலையும் மழையும் இருந்தன.

1984ல் கப்பற் சேவை நின்றது. 1990ல் மன்னாரின் சனங்கள் பிள்ளைகளோடு இரவிரவாகத் தமிழ்நாட்டுக் கரைக்கு ஓடினார்கள். சில படகோட்டிகள் அவர்களைச் சேதுவின் மணல்திட்டுக்களில் இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். அந்தப் படகுகளில் பச்சையுமில்லை, சிவப்புமில்லை. லாம்பு இருந்தாலும் எவரும் தூக்கிப் பிடிக்கவில்லை. பார்த்துவிடக் கூடாது என்பதே அவர்களுடைய விதி.

அப்போது நான் கப்பல் தலைவன். தலைவர் உறங்கப் போகுமுன் காவலிலிருக்கும் அதிகாரிக்கு எழுதிவைக்கும் இரவுக் கட்டளைப் புத்தகம் ஒன்றுண்டு. அதில் வழமையாக ஒரு வரி எழுதுவேன்: ஒற்றை வெள்ளை விளக்குத் தெரிந்தால் என்னை எழுப்பவும். அந்த வருடம், மன்னார்க் குடாவின் வாயைக் கடக்கும் இரவுகளில், முன்னணியத்தில் கூடுதலாக ஒருவரை நிறுத்தும்படியும் எழுதினேன். அகதிப் படகுகள் அவ்வளவு தெற்கே வருவதில்லை என்பது எனக்குத் தெரியும்.