உப்பும் மீனும் வளர்த்த நகரம்



மீனை உப்பிட்டு வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. கருவாடு சமைக்கும் நம் தாய்மார்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த எளிய உண்மையைக் கொண்டே ஒரு நகரம் செல்வம் கொழித்தது. வட ஜெர்மனியில், பால்டிக் கடலுக்கு அருகே உள்ள லூபெக்தான் அந்நகரம்.

1143ஆம் ஆண்டில் தோன்றிய லூபெக், 1226இல் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுதந்திர நகரமாயிற்று. அங்கே உப்பு விளையவில்லை. தெற்கே லூனெபர்க் என்னும் ஊரில் நிலத்தடி உவர்நீரைக் காய்ச்சி உப்பு எடுத்தார்கள். வடக்கே, இன்றைய சுவீடனின் தென்கரையில், மத்தி இனத்தைச் சேர்ந்த ஹெர்ரிங் மீன் கூட்டங்கூட்டமாக வந்தது. அந்த உப்பையும் இந்த மீனையும் ஒன்றுசேர்த்ததே லூபெக் வணிகர்களின் கெட்டிக்காரத்தனம். கிறிஸ்தவர்கள் விரத நாள்களில் இறைச்சி உண்ணாத காலம் அது. ஆகவே உப்புமீனுக்கு எங்கும் கிராக்கி இருந்தது.

முதலில் வண்டிகளில் வந்த உப்பு, 1398 முதல் ஸ்டெக்னிட்ஸ் கால்வாய் வழியே படகுகளில் வந்தது. ஆட்கள் கரையில் நடந்தபடி அப்படகுகளைக் கயிறு கட்டி இழுத்தார்கள். மீனைக் குடல் நீக்கி, உப்பிட்டுப் பீப்பாய்களில் அடுக்கியவர்களில் பெண்களே மிகுதி. வணிகர்களின் உயர்ந்த வீடுகள் இன்றும் நிற்கின்றன. உழைத்தவர்களின் பெயர்களோ பெரும்பாலும் மறைந்துபோயின.

கடல் வாணிகத்தில் தனித்து நின்றால் ஆபத்து என்று உணர்ந்த வணிக நகரங்கள் ஒன்றுகூடின. அந்தக் கூட்டமைப்பே ஹான்சா. அதற்குத் தலைமை தாங்கியது லூபெக். பின்னர் பால்டிக்கில் மீன் வரத்துக் குறைந்தது; டச்சுக்காரர்களின் போட்டியும் வலுத்தது. 1669இல் ஹான்சாவின் கடைசி மாநாடு நடந்தது.

செல்வம் போனாலும் நகரம் அழியவில்லை. 1478இல் கட்டி முடிக்கப்பட்ட ஹோல்ஸ்டென் வாசலை இடித்துவிடலாமா என்று 1863இல் வாக்கெடுத்தார்கள். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அது தப்பியது! 1942 மார்ச்சில் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசியதில் பழைய நகரின் ஒரு பகுதி எரிந்தது. மக்கள் மீண்டும் கட்டினார்கள். 1987இல் யுனெஸ்கோ அப்பழைய நகரை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

இன்று அங்கே இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கின்றனர். டிராவமுண்டத் துறைமுகத்திலிருந்து சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் கப்பல்கள் செல்கின்றன. வாதுமையும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் மார்சிப்பான் இனிப்பு ஊரின் பெருமை. பழைய உப்புக் கிடங்குகள் ஆறும் ஆற்றோரம் வரிசையாக நிற்கின்றன.

பிள்ளைகளே, உலகப் படத்தை விரித்து லூபெக்கைத் தேடிப் பாருங்கள். அதன் மாளிகைகளைப் பற்றிப் படிக்கும்போது, கயிறு இழுத்த கைகளையும் உப்பிட்ட கைகளையும் மறவாதீர்கள்.