வெந்நீரும் கொஞ்சம் காற்றும்

ஆரணிப் பட்டை ஒருமுறை தடவிப் பாருங்கள். விரல் வழுக்கிக்கொண்டு போகும்! ஆனால், பட்டு பிறக்கும்போதே இப்படி இருப்பதில்லை. கச்சாப் பட்டு விறைப்பாக, சொரசொரவென்று இருக்கும். காரணம், புழு தன் நூலின் மேல் பூசிவைக்கிற 'செரிசின்' என்கிற பசை. எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்தப் பசைதான்! சோப்பு போட்டுக் கொதிக்கக் கொதிக்க இருக்கும் தண்ணீரில் நூலை முக்கி எடுத்தால்தான் பசை கழன்று, மினுமினுப்பு எட்டிப்பார்க்கும். சாயம், தறி எல்லாம் அப்புறம்தான்.

ஆக, பட்டு நெசவுக்கு வெந்நீர் இல்லாமல் ஆகாது. திறந்த கொட்டகையில் அடுப்பு மூட்டினால், புகை தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். அதே நெருப்பை நாலு சுவருக்குள் கொண்டுவந்தால்..?

1868. லண்டன். பெஞ்சமின் வாடி மாகன் என்கிற பெயின்டர், குளியலறையிலேயே கேஸில் தண்ணீர் சுடவைக்கும் கருவியைக் கண்டுபிடித்தார். ஐஸ்லாந்தில் பீறிட்டு அடிக்கும் வெந்நீர் ஊற்று ஒன்றின் பெயரை அதற்குச் சூட்டினார். 'கீசர் போட்டாச்சா?' என்று காலையில் குரல் கொடுக்கிறீர்களே, அதே பெயர்தான்! ஒரே ஒரு கோளாறு... அதில் புகைபோக்கி கிடையாது. வெந்நீரோடு, எரிந்த வாயுவும் குளிக்கிறவருக்கே!

அதில் என்ன ஆபத்து என்கிறீர்களா? கேஸ் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். நிறமில்லை, வாசனையில்லை. நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் உறுதியாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, மயக்கம்... கதவைத் திறக்கக்கூட அவகாசம் கிடைக்காமல் போகலாம்.

இங்கிலாந்தின் கால்வாய்களில், குறுகலான படகுகளையே வீடாக்கிக் குடியிருக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அறையும் சின்னது, காற்றும் குறைவு. சிலர் இன்ஜின் சூட்டையே குழாய் வழியாகத் தொட்டிக்குள் சுற்றவிட்டு, தண்ணீரைச் சுடவைத்துக்கொள்கிறார்கள். தனியாக நெருப்பே வேண்டாம்! கேஸ்தான் என்றால், வெளியிலிருந்து காற்றை இழுத்து, புகையையும் வெளியிலேயே தள்ளுகிற மூடிய ஹீட்டர்தான் அங்கே பத்திரம்.

'நமக்கெதற்குப் படகுக் கதை?' என்று கேட்காதீர்கள். ஜன்னலை இறுக்கிச் சாத்திய அபார்ட்மென்ட் பாத்ரூமும் ஒரு படகு அறைதான்! அங்கே கேஸ் கீசர் ஓடி, குளிக்கப்போனவர் திரும்பாத செய்திகள் நம் நாட்டிலும் வந்திருக்கின்றன.

கடைக்குப் போனால் 'எத்தனை லிட்டர், என்ன விலை?' என்று அப்புறம் கேளுங்கள். கேஸ் கீசர் என்றால், முதலில் கேட்கவேண்டியது இதுதான்: 'இதோட புகை எந்த வழியா வெளியே போகும்?'