மடிக்கணினி விசைப்பலகையில் எழுத்து மாறி விழுதல்

மடிக்கணினியில் ஒரு விசையைத் தட்டினால் அதற்குரிய எழுத்து வராமல் வேறு எழுத்தோ எண்ணோ குறியோ விழுவதை 'கீபோர்டு தப்பா அடிக்குது' என்பார்கள். கீபோர்டையே மாற்றிவிடுவதுதான் இதற்கு வழக்கமான வைத்தியம். நாலு திருகைக் கழற்றிப் பலகையைத் தனியே எடுக்க முடிந்த காலத்தில் அதனால் பெரிய நட்டம் இல்லை. இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் விசைப்பலகை மேல்மூடியோடு சேர்த்து அறையப்பட்டிருக்கிறது. மாற்றுவதென்றால் மூடியையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும். பழுது எங்கே என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது அதனால் காசு மிச்சமாகும் காரியம். அதைச் சொல்லும் சாட்சி, மாறி விழும் அந்த எழுத்தேதான். ஓர் எழுத்துக்குப் பதில் எப்போதும் இன்னோர் எழுத்து என்று தவறு ஒழுங்காக நடந்தால், பழுது பெரும்பாலும் பலகையில் இருக்காது.

விசைப்பலகைக்கு எழுத்து தெரியாது என்பதே இதற்குக் காரணம். விசைகளின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக மின்கடத்திக் கோடுகள் அச்சிட்ட மெல்லிய தாள்கள் உள்ளன. விசையை அழுத்தினால் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் தொட்டுக்கொள்கின்றன. தாய்ப்பலகையில் உள்ள சில்லு அந்தச் சந்திப்பை ஓர் எண்ணாக மாற்றி அனுப்புகிறது. தனியாகச் செருகும் யுஎஸ்பி பலகையில் ஏ விசையின் எண் 4, எச் விசையின் எண் 11. அந்த 11 எந்த எழுத்து என்று தீர்மானிப்பது இயங்குதளத்தில் அப்போது தேர்ந்திருக்கும் விசை அமைப்பு. பிரிட்டிஷ் அமைப்பு தேர்வாகியிருந்தால், ஷிஃப்டோடு 2-ஐத் தட்டும்போது மின்னஞ்சல் முகவரிக்கு வேண்டிய @ வராமல் மேற்கோள்குறி வரும். தனி எண்பலகை இல்லாத பழைய மடிக்கணினிகளில் எண்பூட்டு விசையான நம் லாக் (Num Lock) விழுந்துவிட்டால் ஜே, கே, எல் விசைகள் 1, 2, 3 என்றும், யு, ஐ, ஓ விசைகள் 4, 5, 6 என்றும் அடிக்கும். கடவுச்சொல் கட்டத்தில் எழுத்துக்குப் பதில் புள்ளிதான் தெரியும் என்பதால் அங்கே இந்த மாற்றம் கண்ணில் படாது. சரியான கடவுச்சொல்லே தவறென்று திரும்பத் திரும்ப மறுக்கப்படும்.

தமிழ் அடிக்கும் இடங்களில் இது இன்னும் சிக்கலாகிறது. கோவையின் வடக்கே சத்தி சாலையில் உள்ள கணபதி போன்ற பகுதியில், பட்டறைக்கு விலைப்பட்டியலும் கல்யாணப் பத்திரிகையும் ஒரே கணினியில் அடிக்கும் டிடிபி கடையை எடுத்துக்கொள்ளலாம். தட்டச்சுப் பள்ளியில் 'யளனக' பழகிய கைக்கு எச் விசையில் துணைக்கால் வர வேண்டும். தமிழ்99 அமைப்பில் அதே விசை க. மத்திய அரசின் இன்ஸ்கிரிப்டில் ப. ஒலிப்பு முறையான அஞ்சலில் ஹ். நான்கு பேர் மாறி மாறி உட்காரும் கணினியில், ஆல்ட்டும் ஷிஃப்டும் தெரியாமல் சேர்ந்து அழுந்தினாலே விண்டோஸில் அமைப்பு மாறிவிடும். தமிழ்99 விழித்திருக்கும்போது ஆங்கிலத்தில் 'ஹலோ' அடித்தால் 'கூத்தட' என்று வரும். பார்ப்பவருக்கு அது பலகையின் கோளாறாகத் தெரியும். உண்மையில் பலகை ஐந்து எண்களையும் பிசகின்றி அனுப்பியிருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டுக்குப் பின், அவ்வாண்டு ஜூனில் தமிழ்நாடு அரசு தமிழ்99-ஐப் பொது அமைப்பாக அறிவித்தது. ஆனால் அரசுத் தட்டச்சர் வேலைக்குக் கேட்கப்படுவது தட்டச்சுத் தேர்ச்சி. ஆகவே தட்டச்சுப்பொறி முறை பழகிய விரல்கள் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன.

விசை அமைப்பு சரியாக இருந்தும் எழுத்து மாறுவதுண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் குறியெண்களிலேயே தமிழ் உருவங்களை ஏற்றி வைத்தவை. அதில் அடித்த 'தமிழ்' என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என ஐந்து குறிகளாகத் தெரியும். 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் தமிழிணைய மாநாடும் நடந்தபோது, யுனிகோடையும் 16 பிட் அனைத்தெழுத்து முறையான டேஸ்16-ஐயும் தரமாக ஏற்கும் அரசாணை வந்தது. யுனிகோடு வந்த பின் இந்தத் தொல்லை தீர்ந்துவிட்டதே என்று கேட்கலாம். புதிதாக அடிப்பதற்கு அது தீர்வுதான். பழைய பேஜ்மேக்கர் கோப்புகள் இன்னும் பழைய குறியெண்ணில்தான் இருக்கின்றன. கையின் பழக்கமும் கிடக்கிறது: 'கெ' வேண்டுமென்றால் தட்டச்சுப்பொறியில் கொம்பை முதலில் அடித்துப் பிறகு க அடிப்பார்கள்; யுனிகோடு க-வுக்குப் பின்தான் கொம்பை வைக்கும். இதைச் சரிசெய்து தராத மென்பொருளில் கொம்பு ஒரு புள்ளிவட்டத்தோடு தனியே நிற்கும்.

கீபோர்டை மாற்றியதும் சரியாகிவிட்டதே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் மாற்றுவதற்காகக் கணினியை அணைத்து மின்கலத்தையும் கழற்றியிருப்பார்கள். நம் லாக்கும் மொழித் தேர்வும் பழைய நிலைக்குத் திரும்ப பல நேரம் அதுவே போதும். மருந்து வேலை செய்ததை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது.

டீ கொட்டினால் எழுத்து மாறாதா என்பது அதைவிட வலுவான கேள்வி. ஈரத்தால் இரண்டு கோடுகள் ஒட்டிக்கொண்டால், அழுத்திய எழுத்தோடு வேண்டாத இன்னோர் எழுத்தும் சேர்ந்து விழும். ஒரு கோடு அறுந்தால் அந்தக் கோட்டு விசைகள் மொத்தமாகச் செத்துப்போகும். தூசி புகுந்தால் எழுத்து வராது அல்லது இரண்டு முறை விழும். ஆப்பிள் நிறுவனத்தின் 'பட்டாம்பூச்சி' விசைகளைப் பற்றி எழுந்த புகார்கள் இந்த வகையே. 2018 ஜூனில் அவற்றுக்கு இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. வன்பொருள் பழுது எழுத்தைக் கூட்டும், குறைக்கும், இரட்டிக்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைச் சீராக வைப்பது அரிது. ஷிஃப்ட் விசை அழுக்கில் சிக்கி அமுங்கியே கிடப்பது அத்தகைய அரிய நிலை. வேறு மாடலின் பலகையைப் பொருத்திவிடுவது மற்றொன்று: அதன் கோடுகளின் பின்னல் வேறு, தாய்ப்பலகைச் சில்லு எதிர்பார்ப்பது வேறு என்பதால் பல எழுத்துகள் கலைந்து போகும்.

ஆகவே முதலில் நம் லாக்கையும் மொழித் தேர்வையும் பார்க்க வேண்டும். யுஎஸ்பி பலகை ஒன்றைச் செருகிப் பார்ப்பது அடுத்தது. அதிலும் அதே தவறு என்றால் காரணம் பெரும்பாலும் அமைப்பில்தான். நம் லாக்கைப் பார்க்காமல் இந்தச் சோதனைக்குப் போனால் ஏமாற்றும், ஏனெனில் வெளிப்பலகையின் எழுத்து விசைகளை நம் லாக் தொடுவதில்லை. பிறகு, இயங்குதளம் ஏறுமுன் திறக்கும் பயாஸ் திரையில் எழுத்து அடிக்க இடமிருந்தால் அங்கே அடித்துப் பார்க்கலாம். இயங்குதளத்தின் அமைப்பு அங்கே செல்லாது. அங்கும் தவறினால் விசைப்பலகையைத் தாய்ப்பலகையோடு இணைக்கும் ரிப்பன் கேபிளைக் கழற்றித் துடைத்துத் திரும்ப அழுத்திப் பூட்டலாம். அதற்கும் மசியாவிட்டால் பலகையை மாற்றுவது சரி. அடியில் ஒட்டியுள்ள பாக எண்ணைப் பார்த்து அதே எண்ணுள்ளதை வாங்க வேண்டும்.