மெழுகுவத்தி வெளிச்சத்தில் இரண்டு நாவல்கள்

நாவலிலிருந்து எடுத்த சரித்திரப் படம், அதுவும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுவது என்றால், ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடும் ஆள் நான். நண்பர்களின் நச்சரிப்பால் அப்படி இரண்டைப் பார்த்தேன்: லூக்கினோ விஸ்கோந்தியின் ‘தி லெப்பர்ட்’ (1963), ஸ்டான்லி குப்ரிக்கின் ‘பேரி லிண்டன்’ (1975). இரண்டிலும் பட்டாடை, மாளிகை, மெழுகுவத்தி எல்லாம் தாராளம். இரண்டும் ஆமை நடைதான். ஆனால் அந்த நிதானத்துக்குக் காரணம் வேறு வேறு.

குப்ரிக்கின் நிதானத்தில் லென்ஸுக்கும் பங்குண்டு. நிலாப் பயணத் திட்டத்துக்காக நாசாவுக்கு ஸைஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 லென்ஸைக் கொண்டு, மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே சில காட்சிகளை எடுத்தார். அதில் கூர்மையாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு. நடிகர் கொஞ்சம் முன்னே சாய்ந்தாலும் முகம் மங்கிவிடும். ஆகவே சீட்டாட்ட மேசையைச் சுற்றி எல்லோரும் அசையாமல் அமர்ந்திருக்கிறார்கள்.

1844இல் வந்த தாக்கரேயின் நாவலில் பேரியே தன் கதையைச் சொல்கிறான். அவன் புளுகைக் கண்டுபிடிப்பதே நமக்கு வேடிக்கை. குப்ரிக் அவன் வாயைப் பிடுங்கி வெளியாள் ஒருவரின் குரலுக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் குரலோ, பேரி பிள்ளையற்று, ஏழையாய், தனியனாய் முடிவான் என்று முன்கூட்டியே போட்டு உடைக்கிறது. அடுத்து என்ன என்ற பரபரப்பே போயிற்று. கடைசியில் களஞ்சியத்துக்குள் மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த மகனோடு துப்பாக்கிச் சண்டை. புறா முனகுகிறது, பையன் பயத்தில் வாந்தியெடுக்கிறான். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தச் சண்டை நாவலில் இல்லவே இல்லை.

‘தி லெப்பர்ட்’டுக்கு மூலமான லாம்பெதூசாவின் நாவல் அவர் இறந்தபின் 1958இல் வெளியானது. சிசிலியில் 1860இல் தொடங்கி, கதாநாயகனான பிரபு 1883இல் இறப்பதையும் தாண்டி, 1910 வரை போகிறது. படமோ 1862இல், ஒரு நடன விருந்து விடியும் வேளையோடு நின்றுவிடுகிறது. விட்டுப்போன இரண்டு அத்தியாயங்களின் பாரத்தையும் விஸ்கோந்தி அந்த ஒரே விருந்தின் மேல் ஏற்றிவிட்டார். ஏறத்தாழ 45 நிமிடம்! பிரபுவாக வரும் பர்ட் லான்காஸ்டர் வியர்வையைத் துடைத்தபடி அறை அறையாய் அலைகிறார். ஒரு கிழவரின் மரணத்தைக் காட்டும் ஓவியத்தின் முன் நிற்கிறார். சகோதரியின் மகன் மணக்கப்போகும் ஆஞ்செலிக்காவோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடுகிறார். சரவிளக்குகளின் வெக்கை நம்மையும் தாக்குகிறது. அமெரிக்க வெளியீட்டுக்காகப் படத்தை 161 நிமிடமாக வெட்டினார்கள். என்னைப் போன்றவனுக்கு அது பாயசம் என்றுதான் முதலில் தோன்றியது. விருந்தைப் பார்த்தபின் அப்படி நினைக்க முடியவில்லை: என் அலுப்பு அந்த மனிதரின் அலுப்பாகவே மாறியிருந்தது. வெட்டியே தீரவேண்டுமென்றால் பாலர்மோத் தெருச்சண்டையில் கை வைக்கலாம். நாவலில் இல்லாததை விஸ்கோந்தி சேர்த்து நீட்டிய பகுதி அது.

இருந்தாலும் நாவலாசிரியரின் ஒரு குறும்பு படத்துக்குள் வரவில்லை. விருந்து மண்டபத்தின் கூரை ஓவியத்துத் தெய்வங்கள் தாங்கள் நித்தியம் என்று நினைத்திருக்க, 1943இல் ஒரு அமெரிக்கக் குண்டு வரும் என்று நடுவிலேயே சொல்லிவிட்டுப் போகிறார் அவர். குப்ரிக் சேர்த்துக்கொண்ட அந்த முன்னறிவிப்புக் குரல் உண்மையில் விஸ்கோந்திக்குத்தான் தேவைப்பட்டது. தாக்கரேயின் நடுத்தரமான நாவல் படத்தில் ஒரு படி உயர்ந்தது. லாம்பெதூசாவைப் படித்தவர்களோ 1910ஆம் ஆண்டு அத்தியாயத்துக்காகப் புத்தகத்தைத்தான் எடுக்கவேண்டும்.