பால்மரம் மேசையான வரலாறு

தென்கிழக்காசியாவிலிருந்து வரும் வெளிர்மஞ்சள் நிற அலுவலக மேசை நாற்காலிகளில் பல, ரப்பர் மரத்தால் ஆனவை. மலேசியத் தமிழர் இதைப் பால்மரம் என்பார்கள். பாலுக்காகவே நட்டார்கள், பலகையாகும் என்று தொடக்கத்தில் யாரும் எண்ணவில்லை.

1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அங்கே தாவரவியல் பூங்காவுக்கு 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரம் சாகாதபடி பட்டையை மெல்லிய கீற்றாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். மோட்டார் வண்டிகள் பெருகி டயருக்கு ரப்பர் தேவைப்பட்டதும் மலாயாவில் காடுகள் தோட்டங்களாயின. அங்கே காடு வெட்டி, கன்று நட்டு, விடியுமுன் எழுந்து மரம் சீவியவர்களில் மிகப் பலர், கங்காணிகள் வழியாகத் தமிழகத்திலிருந்து போன கூலித் தொழிலாளர்கள். அவர்களை விட்டுவிட்டு இந்த மரத்தின் வரலாற்றை எழுத முடியாது.

நட்டு ஆறேழு ஆண்டுகளில் பால் தரத் தொடங்கும் மரம், 25 முதல் 30 வயதுக்குள் ஓய்ந்துவிடும். பின் அதை வெட்டி மறுநடவு செய்வார்கள். வெட்டிய கட்டை நெடுங்காலம் செங்கல் சூளைக்கும் கரி சுடவும் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அடுப்புக்கும்தான் போயிற்று. ரப்பர் ஷீட்டை உலர்த்தும் புகைக்கூடத்திலும் அதுவே எரிந்தது. தச்சர்கள் இதைத் தொடாததற்குக் காரணம் உண்டு. கட்டையில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுதி. வெட்டிய சில நாட்களிலேயே நீலப்பூஞ்சை படரும், வண்டு துளைத்து உளுத்துப்போகும். தேக்குக்கு உள்ள வைரம் இதற்கு இல்லை.

கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வு நிலையம் போன்ற இடங்களில் நடந்த ஆய்வுகள் இந்தக் குறைக்கு வழி கண்டன. அறுத்த பலகையைத் தாமதிக்காமல் உருளைக் கலனில் அடைத்து, காற்றை உறிஞ்சி, போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அழுத்தத்துடன் ஏற்றிச் சூளையில் உலர்த்தினார்கள். 1980களில் ரப்பர் மரச் சாமான்கள் பெரும் ஏற்றுமதிப் பொருளாயின. ஜொகூர் மாநிலத்து மூவார் நகரம் இத்தொழிலால் பெயர்பெற்றது. காட்டில் கிடைத்த ரமின் என்ற வெளிர்நிற மரம் அருகியதால் அதன் இடத்தையும் ரப்பர் மரம் பிடித்தது. தோட்டங்கள் பாமாயில் தரும் செம்பனைக்கு மாறியபோது வீழ்த்திய மரங்களும் அறுவை ஆலைக்கு வந்தன. அதே மாற்றம் பல தமிழ்க் குடும்பங்களைத் தோட்டத்தைவிட்டு வெளியேற்றியது.

ரப்பர் மர மேசையின் பலகையைக் கூர்ந்து பார்த்தால், இரு கைவிரல்களைக் கோத்ததுபோல் பல்லுக்குப் பல் பொருந்திய இணைப்புகள் தெரியும். அடிமரம் குட்டை; சீவிய வடுவும் முடிச்சும் வேறு. நீளப் பலகை கிடைப்பது அரிது என்பதால் துண்டுகளைக் கோத்துப் பசையிடுகிறார்கள். பசையின் தரம் இங்கே முக்கியம். சில பசைகளிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு, சன்னல் திறக்காத குளிரூட்டிய அறையில் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்.

பால் ஓய்ந்த மரம் எப்படியும் வெட்டப்படும். அதை எரிக்காமல் மேசையாக்குவதும், அதனால் ஒரு காட்டுமரம் தப்புவதும் உண்மையான நன்மை. ஆனால் எல்லா ரப்பர் பலகைக்கும் இந்தப் பெருமை பொருந்தாது. பாலுக்கும் பலகைக்குமாக உருவாக்கிய புதிய ரகங்களை நடுவதற்காகத் தீபகற்ப மலேசியாவில் காப்புக்காடுகளிலேயே சில பகுதிகள் அழிக்கப்பட்டன. காடுகளைப் பொறுப்புடன் பேணுவதற்காக 1993இல் தொடங்கிய எஃப்.எஸ்.சி. சான்று முறை, 1994 நவம்பருக்குப் பின் இயற்கைக் காட்டை அழித்து உருவான தோட்டங்களை நெடுங்காலம் ஏற்கவில்லை. அலுவலகத்துக்கு மேசை நாற்காலி வாங்குவோர் ரப்பர் மரம் என்ற பெயரோடு நிறைவடையாமல், எந்தத் தோட்டத்து மரம், பால் ஓய்ந்த மரமா, என்ன பசை என்று கேட்டு வாங்க வேண்டும்.