செக்வேயில் ஏறிய ஸ்டெடிகேம்

1970களின் முற்பகுதி வரை, நகரும் காட்சியைக் குலுங்காமல் படமாக்க விரும்பிய ஒளிப்பதிவாளர்கள் பெரும்பாலும் தரையில் தண்டவாளம் பதித்து, அதன்மீது டிராலியைத் தள்ளச் செய்தனர். அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த காரெட் பிரவுன் உருவாக்கிய ஸ்டெடிகேம் இந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியது. கேமராவை மேல்முனையிலும் பேட்டரியையும் சிறு திரையையும் கீழ்முனையிலும் தாங்கிய கம்பம், அதன் எடைமையத்துக்குச் சற்று மேலே எத்திசையிலும் திரும்பும் கிம்பல் என்னும் மூட்டு, அதனை ஏந்தும் சுருள்வில் கரம், அக்கரத்தைத் தாங்க உடலோடு இறுக்கிக் கட்டிய மேற்சட்டை ஆகிய இவை நடப்பவரின் அதிர்வு கேமராவை எட்டாமல் தடுத்தன. 1976இல் வெளிவந்த ‘பவுண்ட் ஃபார் குளோரி’, ‘ராக்கி’ ஆகிய படங்களில் பயன்பட்ட இக்கருவி 1978இல் ஆஸ்கரின் தொழில்நுட்ப விருதைப் பெற்றது.

எனினும், திரைப்படக் கேமராவோடு சேர்ந்து 20 கிலோவைத் தாண்டும் சுமையை மனிதரே தாங்கியதால், காட்சியின் வேகமும் நீளமும் அவருடைய கால்களின் வலிமைக்குக் கட்டுப்பட்டிருந்தன. ‘தி ஷைனிங்’ (1980) படத்தில் மூன்று சக்கர சைக்கிளில் செல்லும் சிறுவனைத் தாழ்வான கோணத்தில் பின்தொடரப் பிரவுன் சக்கர நாற்காலியை நாடியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

கால்களின் சுமையைக் குறைக்கப் பின்னர் ஸ்டெடிகேம் ஒளிப்பதிவாளர்கள் நின்றபடி ஏறிச்சென்ற செக்வே என்னும் இரு சக்கர வண்டியின் மூலமும் சக்கர நாற்காலியே என்பது கருதத்தக்கது. படியேறவும் இரு சக்கரங்களில் நிமிர்ந்து நிற்கவும் வல்ல ‘ஐபாட்’ நாற்காலியை வடிவமைத்த டீன் கேமன், அதே சமநிலைத் தொழில்நுட்பத்தைக் கொண்டு உருவாக்கிய செக்வேயை 2001 டிசம்பரில் நியூயார்க்கில் அறிமுகப்படுத்தினார். நிற்பவர் முன்னே சாய்ந்தால் ஜைரோஸ்கோப் உணரிகள் அதனை அறிய, விழவிருக்கும் உடலுக்கு அடியில் மோட்டார்கள் சக்கரங்களைச் செலுத்துவதால், மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகம் வரை வண்டி முன்னேறும்.

ஆனால் ஸ்டெடிகேமைக் கையாள இரு கைகளும் வேண்டும்; முதல் செக்வேயோ இடக் கைப்பிடியை முறுக்கியே திருப்பப்பட்டது. 2006இல் வந்த ‘ஐ2’ வகையில் கைப்பிடித் தண்டைப் பக்கவாட்டில் சாய்த்துத் திருப்பும் முறை அமைந்ததால், அவ்வேலையை முழங்காலுக்கோ இருக்கைக்கோ மாற்றும் துணைக்கருவிகளுக்கு வழி எளிதாயிற்று. எஞ்சிய சிக்கல் இதனினும் ஆழமானது. சுருள்வில் கரம் தன் அடிப்பகுதி செங்குத்தாக இருக்கும்வரைதான் நிலைகொள்ளும். அது சாய்ந்தால் தாழ்ந்த பக்கம் ஓடும். செக்வேயோ சாய்வினாலேயே ஓடுவது. ஆகவே கரத்தை வண்டியின் தண்டில் பொருத்தினால், வேகமெடுக்கையில் கேமரா முன்னேயும் நிறுத்துகையில் பின்னேயும் இழுக்கப்படும். மேற்சட்டையில் அணிந்தால், வண்டியைச் செலுத்தும் உடற்சாய்வையே கரத்துக்காக ஈடுசெய்ய வேண்டும். வண்டி தாங்கும் அதிகபட்ச எடை சுமார் 118 கிலோ என்பதால், ஆளையும் கருவியையும் சேர்த்தே கணக்கிடவும் வேண்டியிருந்தது.

தடை குறுக்கிட்டால் நேரும் ஆபத்தை 2015 ஆகஸ்ட் 27 அன்று பெய்ஜிங் உலகத் தடகளப் போட்டி காட்டியது. 200 மீட்டர் ஓட்டத்தில் வென்ற உசைன் போல்டைப் பின்தொடர்ந்த படப்பிடிப்பாளரின் செக்வே ஓடுபாதையோரத் தண்டவாளத்தில் முட்டித் தடுமாற, அவர் போல்டின் மீதே சாய்ந்தார், பெருங்காயம் நேரவில்லை.

2013க்குப் பின் பரவிய மோட்டார் கிம்பல்கள் கேமராவின் சாய்வை உணர்ந்து தாமே திருத்தியதால், சாயும் தளம் முன்போல் இடையூறாக இருக்கவில்லை. செக்வேயின் மூல வகை 2020 ஜூலையில் உற்பத்தியிலிருந்து நீங்கியது. உணரியும் மோட்டாரும் கொண்டு சாய்வைத் திருத்தும் நுட்பம் வண்டிக்கு வாய்த்துப் பல ஆண்டுகளுக்குப் பிறகே, அது சுமந்த கேமராவுக்கும் பரவலாகக் கிட்டியது. இடைப்பட்ட காலத்தில் அந்த வேறுபாட்டை ஈடுசெய்தது ஒளிப்பதிவாளரின் உடல் பெற்ற பயிற்சியே.